ஒற்றைக் கையும் ஒரு தொட்டிப் பசையும்

வேலைக்கான நேர்காணலில், விண்ணப்பித்தவரைவிட அதிகமாக வியர்த்தவன் ஹைதராபாத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அந்த வேலைக்கு நான் விண்ணப்பிக்கவே இல்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். விண்ணப்பித்தவள் எனக்குப் பக்கத்து நாற்காலியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, பிஸ்கட்டை டீயில் நனைத்து நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. மாரெட்பள்ளியில், காது கேளாத பிள்ளைகளுக்கான ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் ஆசிரியராகச் சேர்ந்திருந்தேன். சேரும்போது சைகை மொழியில் எனக்கு வணக்கம் மட்டும்தான் தெரியும். மீதியைப் பிள்ளைகளே கற்றுக்கொடுத்தார்கள். (முதல் மாதம் அவர்கள் கற்றுக்கொடுத்ததில் பாதி கெட்ட வார்த்தை என்று பிறகுதான் தெரிந்தது. அதில் ஒன்றைத் தலைமையாசிரியையிடம் மிகுந்த மரியாதையோடு சொல்லியும் இருக்கிறேன்.)

தலைமையாசிரியை சரளா மேடத்துக்கு ஒரு கவலை இருந்தது. "இத்தனை வருஷம் படிக்க வெச்சு அனுப்பறோம். போய் வீட்ல டிவி முன்னாடி உக்காந்திருக்காங்க. இதுக்கா படிச்சாங்க?" என்று ஆசிரியர் கூட்டத்தில் கேட்டார். நான் மட்டும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அவ்வளவுதான், பிள்ளைகளுக்கு வேலை தேடித் தரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. என் தகுதிகள் என்று அவர் சொன்னவை இரண்டு: தெலுங்கு, ஹிந்தி, இங்கிலீஷ், தமிழ் எல்லாம் பேசுவேன் என்பது ஒன்று, ஸ்கூட்டர் வைத்திருக்கிறேன் என்பது இன்னொன்று. பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன் என்பதையும் அவர் தகுதியாகத்தான் எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

நாச்சாரத்திலும் உப்பலிலும் நான் ஏறி இறங்காத தொழிற்சாலை இல்லை. எல்லோரும் அன்பாகத்தான் பேசினார்கள். டீ கொடுத்தார்கள். "நல்ல சேவை சார்" என்றார்கள். வேலை மட்டும் கொடுக்கவில்லை. ஒரு இடத்துக்கு எங்கள் மாணவி மௌனிகாவையும் கூட்டிப்போயிருந்தேன். அங்கிருந்த முதலாளி, "நான் கூப்பிட்டா இந்தப் பொண்ணுக்கு எப்படிங்க கேக்கும்?" என்றார். அதை நான் சைகையில் சொன்னேன். மௌனிகா அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, "கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு இவர் ஒன்றும் சின்ன ஆள் இல்லையே" என்றாள். மனிதர் நல்ல பருமன். நான், "எப்பவும் உங்களையே கவனிச்சிட்டிருப்பாளாம் சார்" என்று மொழிபெயர்த்தேன்.

வேலை கிடைக்கவில்லை. அவருக்குச் சைகை புரியாவிட்டாலும் பார்வை புரிந்துவிட்டது.

மௌனிகா உப்பல் பெண். அப்பா தண்ணீர் லாரி ஓட்டுகிறார். பெயர் வைத்தபோது அவளுக்குக் காது கேட்காது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரிந்தபின், கேலி செய்வார்களோ என்று பெயரை மாற்ற அவள் அம்மா யோசித்திருக்கிறார். பள்ளியில் சேர்த்து, அவள் இரண்டு கைகளாலும் பேச ஆரம்பித்ததைப் பார்த்ததும் அந்த யோசனையை விட்டுவிட்டார். பள்ளியிலேயே அதிகம் பேசுகிறவள் அவள்தான். அதைவிட, யாரையும் அப்படியே நடித்துக் காட்டிவிடுவாள். சரளா மேடம் நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடியை மேஜையெல்லாம் தேடுவதை அவள் நடிக்கும்போது, சரளா மேடமே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பார்.

அவளுக்குப் பத்தொன்பது முடிந்திருந்தது. பள்ளியின் தொழிற்பயிற்சி வகுப்பும் முடிந்துவிட்டது. "கடைசியா இந்த ஒரு எடத்தைப் பாருங்க சார். இதுவும் இல்லேன்னா வீட்டுக்கே ஒரு தையல் மெஷின் வாங்கிப் போட்டுடறேன். பொண்ணு பத்திரமா இருக்கும்" என்றார் அவள் அப்பா. அவரைக் குறை சொல்ல முடியாது. பின்னால் அடிக்கும் ஹாரன் அவளுக்குக் கேட்காத ஊரில் அவர் தினமும் லாரி ஓட்டுகிறவர். மௌனிகா அன்றைக்கு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்: "தையல் மெஷின் என்னோடு பேசுமா?"

வீட்டில் யாருக்கும் சைகை தெரியாது. பள்ளி முடிந்தால் அவளுக்குப் பேச்சும் முடிந்தது. அதனால் அந்த ஒரு இடம் எனக்குப் பெரிய விஷயமாகிவிட்டது.

அது நாச்சாரத்தில், இனிப்புக் கடைகளுக்கு அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலை. மேனேஜர் சுதாகர் போனில், "கூட்டிட்டு வாங்க, பாக்கலாம்" என்று சொல்லியிருந்தார். நேர்காணலுக்கு இரண்டு நாள் முன்னால் நான் ஸ்கூட்டரிலிருந்து விழுந்தேன். ஓடும் ஸ்கூட்டரிலிருந்து விழுந்திருந்தால் வெளியே சொல்லிக்கொள்ளவாவது கொஞ்சம் கௌரவம் இருந்திருக்கும். வீட்டு வாசலில் ஸ்டாண்டு போடும்போது வண்டி ஒரு பக்கம் சாய, நான் மறுபக்கம் இழுக்க, வண்டி ஜெயித்துவிட்டது. வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. உள்ளங்கையிலிருந்து முழங்கைவரை மாவுக்கட்டு. கழுத்திலிருந்து துணித் தொட்டில். நாங்கள் தலைமுறை தலைமுறையாகச் செகந்திராபாத்வாசிகள். என் அம்மா திட்டும்போது தஞ்சாவூரில் ஆரம்பித்துச் சார்மினாரில் போய் முடிப்பாள். "ஏன்டா, உன் உடம்புக்கு அந்த வண்டி தாங்குமா? நக்கோன்னா கேக்கறியா? கைக்குடா உனக்கு இந்த வம்பு?" என்றாள். (இங்கே நக்கோ என்றால் வேண்டாம், கைக்கு என்றால் எதற்கு என்று பொருள். உடைந்ததும் கைதான் என்பதால் என்னைப் பார்க்க வந்திருந்தவர்கள் சிரித்தார்கள்.)

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். நம் நாட்டுச் சைகை மொழிக்கு இரண்டு கைகள் தேவை. எல்லாச் சொல்லுக்கும் இல்லை. ஆனால் பெயரை எழுத்தெழுத்தாகக் காட்டவும், இன்னும் ஏகப்பட்ட சொற்களுக்கும் இரண்டு கையும் வேண்டும். ஒரு கையால் மொழிபெயர்க்கக் கிளம்புவது, பல் பிடுங்கிய கையோடு மேடையேறிப் பேசப்போவது மாதிரி.

"தேதியை மாத்திக் கேக்கலாம்பா" என்றார் சரளா மேடம். சைகை தெரிந்த இன்னொரு ஆசிரியை பிரசவ விடுப்பில் இருந்தார்.

"தள்ளிப் போட்டா மனசு மாறிடுவாங்க மேடம். எனக்கு ஒரு கை போதும்" என்றேன்.

மௌனிகா, "நானே போய்க்கொள்கிறேன். தெலுங்கில் எழுதிக் காட்டினால் படிக்க மாட்டார்களா?" என்றாள்.

"நேர்காணல் என்பது அவ்வளவு சுலபம் இல்லை" என்றேன், இடது கையால்.

அவள் என் மாவுக்கட்டைப் பார்த்தாள். "ஸ்டாண்டு போடுவதும்தான்" என்றாள்.

(சைகையில் நீ, நீங்கள் என்ற வித்தியாசம் கிடையாது, இரண்டுக்கும் ஒரே விரல்தான். அவள் பேச்சை எழுதும்போது நான் மரியாதையாகவே எழுதுகிறேன். அவள் முகத்தைப் பார்த்திருந்தால் நீங்கள் பல இடங்களில் வேறு மாதிரி எழுதுவீர்கள்.)

அன்று காலை ஆட்டோவில் போய் இறங்கினோம். மௌனிகா அம்மாவின் கஞ்சி போட்ட பருத்திப் புடவையைக் கட்டி, தலையைப் படிய வாரி, சான்றிதழ் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு வந்திருந்தாள். நான் ஒரு கையால் பொத்தான் போட்டதில் சட்டை ஒரு பக்கம் ஏறியிருந்தது. ஒரு கையால் ஷேவ் பண்ணப் பயந்து இரண்டு நாள் தாடி. வலியில் முகம் ஒரு மாதிரி கோணியிருந்தது. இந்தக் கோலத்தில் நாங்கள் மேனேஜர் அறைக்குள் நுழைந்தோம்.

சுதாகருக்கு நல்ல அடர்த்தியான மீசை. எழுந்து நின்று, "வாங்க மேடம், உக்காருங்க" என்று மௌனிகாவுக்கு நாற்காலி காட்டினார். டீ சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, ஒவ்வொரு சொல்லாக, உரக்க, "பயப்படாதே தம்பி. பேரு என்ன?" என்றார்.

"சேகர் சார்."

"பரவாயில்லையே, தெளிவா பேசறியே" என்றவர் மௌனிகாவிடம், "நல்லா பழக்கியிருக்கீங்க மேடம்" என்றார். நேர்காணலில் யார் என்ன சொன்னாலும் புன்னகையோடு தலையாட்ட வேண்டும் என்று அவளுக்குப் பாடம் எடுத்தவன் நான். அவள் புன்னகையோடு தலையாட்டினாள்.

"கை எப்பலேர்ந்து இப்படி?"

அவர் விசாரிப்பது அக்கறையில்தான் என்று நினைத்து, "முந்தாநாள்லேர்ந்து சார்" என்றேன்.

அவர் முகத்தில் உண்மையான வருத்தம் வந்தது. "அடடா. அப்ப மாற்றுத்திறனாளி சான்றிதழ் இன்னும் வந்திருக்காதே" என்று மௌனிகாவிடம் கேட்டார். அவள் அதற்கும் தலையாட்டினாள்.

விஷயம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. வேலைக்கு வந்தது நான் இல்லை, அவள் என்று சொல்லி முடிப்பதற்குள் நாக்கு வறண்டுவிட்டது. சுதாகர் மீசையைத் தடவிக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். என்னைப் பற்றி என்னிடம் கேட்காமல் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டால் எப்படி இருக்கும் என்று அந்த ஒரு நிமிடத்தில் நன்றாகத் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டதை உடனே மறந்தும்விட்டேன்.

நேர்காணல் ஆரம்பித்தது. "நாள் முழுக்க நின்னுட்டு வேலை செய்ய முடியுமா?" என்று முதல் கேள்வி. நிற்பது என்றால், ஒரு உள்ளங்கையின்மேல் மற்ற கையின் இரண்டு விரல்களைக் கால்போல நிறுத்திக் காட்ட வேண்டும். உள்ளங்கை மாவுக்கட்டுக்குள் இருந்தது. இரண்டு விரல் மட்டும் அந்தரத்தில் தொங்கியது.

"இரண்டு பேரா? எந்த இரண்டு பேர்?" என்றாள் மௌனிகா.

"ரெண்டு பேர் வேலையையும் சேர்த்துச் செய்வாளாம் சார்" என்றேன். அவர் புருவத்தை உயர்த்தினார்.

"கூட வேலை செய்யறவங்களோட ஒத்துப்போவாங்களா?" என்று அடுத்த கேள்வி. ஒத்துப்போவதற்கு இரண்டு கைகளும் எதிரெதிரே வந்து சேர வேண்டும். என்னிடம் ஒரு கை வந்தது. சேர இடமில்லாமல் மாவுக்கட்டில் போய் டொக்கென்று மோதியது. அவளுக்கு அது, 'கூட இருப்பவர்களை அடிப்பாயா' என்று தெரிந்திருக்கிறது. அவள் சற்று யோசித்து, நேர்மையாக, "அண்ணனை மட்டும்" என்றாள்.

கேள்வியே தப்பாகப் போயிருக்கிறது என்று எனக்கு அப்போது புரியவில்லை. அவசரத்தில் அவள் சொன்னதை அப்படியே வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். "அண்ணனோட மட்டுமா?" என்றார் சுதாகர். அதைச் சமாளிக்க நான் பேச ஆரம்பித்தேன். ரொம்ப அமைதியான பெண் சார், சொன்ன வேலையைச் செய்வாள், அதிர்ந்து பேச மாட்டாள் (இது எப்படி என் வாயில் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை), பொறுமைசாலி, இப்படியே போய்க்கொண்டிருந்தது. சுதாகர் கடிகாரத்தைப் பார்த்தார். மௌனிகா மேஜையை விரலால் தட்டினாள்.

"என்ன சொன்னீர்கள்?"

"ஒன்றுமில்லை."

"வாய் ரொம்ப நேரம் அசைந்தது. சொல்லுங்கள்."

"நீ அமைதியான பெண் என்று சொன்னேன்."

அவள் பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டாள். "யார் சொல்லச் சொன்னது?" என்றாள். சைகை தெரியாத சுதாகருக்கே அது புரிந்திருக்கும்.

எப்படியோ, "சரி, வேலை நடக்கற எடத்தைப் பாத்துடலாம்" என்று அவர் எழுந்தார். அங்கேதான் என் முழு நாசமும் காத்திருந்தது.

உள்ளே பெரிய கூடம். ஒரு பக்கம் அட்டையை வெட்டும் இயந்திரங்கள். மறுபக்கம் நீளமான மேஜைகளில் பெண்கள் நின்றுகொண்டு தங்கநிற அட்டைகளை மடித்து, பசை தடவி, பெட்டியாக்கி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். சுவர் ஓரமெல்லாம் ஆள் உயரத்துக்குப் பெட்டிக் கோபுரங்கள். இயந்திரச் சத்தத்தில் காதுக்குள் யாரோ மாவு அரைப்பது போலிருந்தது. மேற்பார்வை பார்ப்பவர் பாலமணி என்ற அம்மா. மௌனிகாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மேனேஜர் காதருகே போய்க் கத்தினார்:

"வேண்டாம் சார். இங்க பின்னாலேர்ந்து டிராலி வரும். கத்தினாலும் இந்தப் பொண்ணுக்குக் கேக்காது. அடிபட்டா யாரு பதில் சொல்றது?"

நியாயமான கேள்வி. அதை மௌனிகாவுக்குச் சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்பவன் அவள் கண்ணில் பட வேண்டும் என்பதால், நான் அவளுக்கு முன்னால் பின்புறமாக நடந்தபடி கையை ஆட்டிக்கொண்டு போனேன். இதை நான் பலமுறை செய்திருக்கிறேன். ஒரு கை கட்டப்பட்ட நிலையில், பெட்டிக் கோபுரங்களுக்கு நடுவே செய்ததில்லை. 'பின்னால் டிராலி வந்தால்' என்று அவளுக்கு ஆபத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். மௌனிகாவின் கண்கள் என் தோளுக்குப் பின்னால் பார்த்தன. அவள் இரண்டு கைகளையும் தூக்கி, நில், நில் என்றாள். நான் அவள் கேள்வி கேட்கிறாள் என்று நினைத்து, "இரு, முடித்துவிடுகிறேன்" என்றேன்.

முதுகு கோபுரத்தில் இடித்தது. பிடிமானத்துக்குத் துழாவிய இடது கை, மேஜை ஓரத்தில் இருந்த பசைத் தொட்டிக்குள் முழங்கைவரை போனது. நானும் தொட்டியும் தரைக்கு வந்தோம். அதன்பிறகு பெட்டிகள், அவசரமே இல்லாமல், ஒவ்வொன்றாக என்மேல் வந்து இறங்கின. கடைசிப் பெட்டி விழுந்து முடியும்வரை கூடமே பார்த்துக்கொண்டிருந்தது. யாரோ இயந்திரத்தை நிறுத்தினார்கள். அந்த நிசப்தத்தில் நான் மானம் போன எல்லோரும் செய்வதைச் செய்தேன். கன்னத்தில் கை வைத்தேன்.

அம்மா இருந்திருந்தால், கன்னத்திலிருந்து கையை எடு, வீட்டுக்கு ஆகாது என்பாள். எடுக்க வரவில்லை. அந்தப் பசை அட்டையையே விடாது. இரண்டு நாள் தாடியையா விடப்போகிறது.

மௌனிகாதான் முதலில் ஓடிவந்தாள். மாவுக்கட்டைப் பார்த்தாள், தலையைப் பார்த்தாள், எங்கும் ரத்தம் இல்லை என்று உறுதி செய்துகொண்டாள். அதன்பிறகுதான் சிரித்தாள். "வலிக்கிறதா?" என்று கேட்டாள். பதில் சொல்ல எனக்குக் கை இல்லை. ஒன்று மாவுக்கட்டில், மற்றது கன்னத்தில். தலையை ஆட்டினால் கன்னமும் சேர்ந்து இழுத்தது.

யாரோ என்னை ஒரு மூலையில் ஸ்டூலில் உட்காரவைத்து, பக்கத்தில் வெந்நீர் வாளி வைத்து, ஈரத்துணியால் கன்னத்தை ஊறவைத்தார்கள். தலைமுடியில் ஒரு தங்கநிற மூடி ஒட்டிக்கொண்டிருந்தது என்று பிறகு சொன்னார்கள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். தையல் மெஷின், உப்பல் வீடு, யாரோடும் பேசாமல் போகப்போகும் அவள் நாட்கள் எல்லாம் கண்ணில் வந்தன.

அதற்குள் மௌனிகா மேஜையிலிருந்து ஒரு மார்க்கரை எடுத்து, விழுந்து நசுங்கிய ஓர் அட்டையில் தெலுங்கில் எழுதி, சுதாகருக்கும் பாலமணிக்கும் நடுவே நீட்டினாள்: 'சாருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் ஊறட்டும். எனக்கு வேலையைக் காட்டுங்கள்.'

சுதாகர் படித்துவிட்டு, மார்க்கரை வாங்கி, கீழே எழுதினார்: 'பின்னால் டிராலி வந்தால்?'

அவள் கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். கடைசி மேஜைக்குப் போய், சுவருக்கும் மேஜைக்கும் நடுவே புகுந்து நின்றாள். இப்போது முதுகுக்குப் பின்னால் சுவர், முன்னால் மேஜை, டிராலி வரும் வழி முழுவதும் அவள் கண்ணெதிரே. இரண்டு கைகளையும் விரித்து, போதுமா என்பதுபோல் பாலமணியைப் பார்த்தாள். பாலமணி சுவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஓர் அட்டையை எடுத்து, எப்படி மடிக்க வேண்டும் என்று காட்ட ஆரம்பித்தார்.

இயந்திரங்கள் மறுபடி ஓடின. அப்போதுதான் எனக்கு ஒன்று புலப்பட்டது. மௌனிகாவுக்கு அது உள்ளே நுழைந்ததுமே தெரிந்திருக்க வேண்டும். அந்தச் சத்தத்தில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. அங்கே இருந்த எல்லாப் பெண்களும் வருஷக்கணக்காகக் கையால்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். பாலமணி கட்டைவிரலை வாயருகே சாய்த்தால் டீ. இரண்டு முஷ்டிகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் கட்டு முடிந்தது. மௌனிகா ஒவ்வொன்றையும் திருப்பிச் செய்து, இதுவா, இப்படியா என்று கேட்டுக்கொண்டாள். பாலமணிக்கு உற்சாகம் வந்துவிட்டது. வேறு மேஜைப் பெண்களும் தங்கள் பங்குக்குக் காட்டினார்கள்.

அப்போது மௌனிகா, வந்ததிலிருந்து அங்கே பார்த்த இன்னொரு சைகையையும் செய்துகாட்டி அர்த்தம் கேட்டாள். மேலுதட்டுக்கு மேலே இரண்டு விரல்களால் இல்லாத மீசையை முறுக்கி, கண்ணைப் பக்கவாட்டில் உருட்டினாள்.

பெண்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வேலை அவசரமாகிவிட்டது. யாரும் நிமிரவில்லை.

"அது என்ன?" என்று சுதாகர் கத்திக் கேட்டார்.

"தண்ணி வேணும்னு அர்த்தம் சார்" என்று பாலமணி கத்தினார்.

"தண்ணிக்கு எதுக்கு மீசை?"

"மீசை நனையற அளவுக்குத் தாகம்னு சார்."

மௌனிகா பாலமணியின் முகத்தைப் பார்த்தாள். குனிந்த தலைகளைப் பார்த்தாள். கடைசியாகச் சுதாகரின் மீசையைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. நான் மூலையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளதை உள்ளபடி சொல்வதுதான் அவள் பழக்கம். அவள் மறுபடியும் மீசையை முறுக்கினாள். மிகுந்த மரியாதையோடு, அண்ணாந்து, ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டாள். அவ்வளவு தத்ரூபமாக இருந்தது. பார்த்த எனக்கே தாகம் எடுத்தது. சுதாகர் திருப்தியாகத் தலையாட்டி, யாரையோ கூப்பிட்டு எல்லோருக்கும் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

பாலமணி அவர் காதருகே போனார். "சார், இந்தப் பொண்ணை என் லைன்லயே போடுங்க."

டீ இடைவேளையில், பெண்கள் கேட்டுக்கொண்டதற்கு இணங்க, நான் விழுந்ததை மௌனிகா நடித்துக் காட்டினாள். பின்புறமாக நடந்த தோரணை, 'இரு, முடித்துவிடுகிறேன்' என்ற பெருமிதம், பெட்டிகள் ஒவ்வொன்றாக இறங்கியபோது என் கண் அசைந்த விதம், கடைசியில் கன்னத்துக் கை. சுதாகர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இயந்திரம் நின்றிருந்ததால் அந்தச் சிரிப்பு முழுவதும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

கிளம்பும்போது சுதாகர் என்னிடம், "திங்கக்கிழமை அனுப்பிடுங்க" என்றார். முதல் வாரம் அவளோடு நானும் வந்து கூட நிற்கிறேன் என்றேன். அவர் தரையில் காய்ந்துகொண்டிருந்த பசையைப் பார்த்தார். "நீங்க உடம்பைப் பாத்துக்கோங்க சார். அவங்க வந்தா போதும்" என்றார்.

திரும்பும் வழியில் ஆட்டோவில் மௌனிகா கேட்டாள்: "நான் அண்ணனை அடிப்பது அவருக்கு எதற்கு?" கன்னம் எரிய எரிய, தோல் உரிந்த இடது கையால் விளக்கினேன். ஹப்ஸிகுடா தாண்டும்வரை அவள் சிரிப்பை நிறுத்தவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "இனிமேல் நான் சொன்னதை மட்டும் சொல்லுங்கள். அது போதும்" என்றாள். சிரிக்காமல் சொன்னாள்.

பசை உள்ளே இறங்கிவிட்டதால் மாவுக்கட்டை வெட்டியெடுத்துப் புதிதாகப் போட வேண்டியிருந்தது. கையை இப்படி ஒட்டிக்கொண்டு வந்த ஆளை டாக்டர் அதுவரை பார்த்ததில்லையாம்.

மௌனிகா நிலைத்துவிட்டாள். முதல் சில மாதம் அவள் அப்பா லாரியைத் தொழிற்சாலை வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்தி, அவள் வெளியே வரும்வரை காத்திருப்பார். ஒருநாள் அவள் பெண்கள் கூட்டத்தோடு கையாட்டிப் பேசிக்கொண்டே அவர் லாரியைக் கவனிக்காமல் தாண்டிப் போய்விட்டாள். அதோடு அவர் வருவதை நிறுத்திக்கொண்டார். அபாய மணிக்குப் பக்கத்தில் பளிச்சென்று எரியும் சிவப்பு விளக்கு ஒன்றைச் சுதாகர் வைத்தார். எங்கள் பள்ளிப் பிள்ளைகள் அவள் பின்னாலேயே அங்கே சேர்ந்தார்கள். எல்லோருக்கும் இது பொருந்தியது என்று சொல்ல மாட்டேன். ஒருவன் இயந்திர அதிர்வில் தலைவலி வந்து வேலையிலிருந்து நின்றுவிட்டான். ஒருத்தி சண்டை போட்டுக்கொண்டு போனாள். வேறு இடம் தேடினோம். இப்போது மௌனிகா ஒரு லைனுக்குப் பொறுப்பு. எங்கள் பிள்ளைகள் நேர்காணலுக்குப் போனால் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பது அவள்தான். கூடப் போகும் எனக்குச் சுவர் ஓரமாக ஒரு நாற்காலி காட்டுவாள்.

இந்தக் கதை இதோடு முடிந்திருந்தால் நான் எப்படியோ மறைத்திருப்பேன். ஆனால் சைகை பேசுகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் சைகையில் ஒரு பெயர் வைப்பார்கள். நாமாக வைத்துக்கொள்ள முடியாது. அவர்கள் பார்த்து வைப்பதுதான். வைத்தால் வைத்ததுதான், கெஜட்டில் போட்டாலும் மாறாது. நான் விழுந்த அடுத்த நாளே பள்ளியில் என் பெயர் மாறியிருந்தது: கன்னத்தில் உள்ளங்கையை வைத்து, ஒட்டிக்கொண்டதைப் பிய்ப்பதுபோல் சிரமப்பட்டு எடுக்க வேண்டும். அதுதான் நான். அன்று பிறந்தேயிராத பிள்ளைகள் இன்று ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து, காரணம் தெரியாமலே என்னை அப்படிக் கூப்பிடுகிறார்கள். வீட்டில் என் மனைவி, நான் யாருடைய பேச்சிலாவது குறுக்கே புகுந்தால் ஒரு வார்த்தை பேசாமல் கன்னத்தில் கை வைத்துப் பிய்த்து எடுக்கிறாள். என் மகள் பள்ளிக் கட்டுரையில் 'என் தந்தை' என்ற தலைப்புக்கு கன்னத்தில் கை ஒட்டிய ஓர் ஆளை வரைந்துவைத்திருந்தாள்.

போன மாதம் ஒரு பயிற்சிக்காகச் சென்னைக்குப் போயிருந்தேன். அங்கே காது கேளாத ஒரு பெரியவர், முன்பின் பார்த்ததே இல்லை, நான் யார் என்று கேட்டார். சேகர், ஹைதராபாத் என்று இரண்டு கைகளாலும் எழுத்தெழுத்தாகக் காட்டினேன். அவர் தெரியாது என்று உதட்டைப் பிதுக்கினார். வேறு வழியில்லாமல், நாலு பக்கமும் பார்த்துவிட்டு, கன்னத்தில் கையை வைத்துப் பிய்த்து எடுத்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அட, நீங்களா அது" என்று எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கிவிட்டு, கையை விடுவிக்க முடியாதவர்போல் இழு இழு என்று இழுத்து, அங்கிருந்தவர்களை எல்லாம் உதவிக்குக் கூப்பிட்டார்.